இன்சுலின் பாட்டிலைக் குலுக்காதீர்கள்: ஒரு மருந்துக்கடைக்காரரின் அனுபவம்

“அண்ணாச்சி, ஃப்ரிட்ஜுல வெச்ச சுகர் ஊசி ஐஸாயிட்டு. வெளிய எடுத்து வெச்சேன், இப்ப பழையபடி தண்ணியாயிட்டு. போடலாம்ல?”

கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு இது கோடைதோறும் வரும் கேள்வி. வெயில் ஏறியதும் ஃப்ரிட்ஜின் திருகை முழுக் குளிருக்குத் திருப்பிவிடுகிறார்கள். மருந்தோ ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் கிடக்கும். போடாதீர்கள் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “ஏன், பாக்கெட் பாலுந்தான் கட்டியாகுது. உருகினதும் காய்ச்சிக் குடிக்கலியா?”

நியாயமான கேள்விதான். இன்சுலின் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் உறைய விடாதே, வெயிலில் வைக்காதே, வேகமாகக் குலுக்காதே, இதோடு அதைக் கலக்காதே என்று வரிசையாக இருக்கும். ஏன் என்று ஒரு வரி இருக்காது. காரணம் தெரியாத விதியை யாரும் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்வார்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தவரை அதுதான் நடக்கிறது. அதனால் புதிதாக இன்சுலின் தொடங்குபவர்களிடம் விதிகளுக்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். இது புரதம். குறிப்பிட்ட விதத்தில் மடிந்திருக்கும் வரைதான் இது மருந்து. மடிப்புப் போனால் பாட்டிலில் இருப்பது வெறும் அமினோ அமிலச் சங்கிலி.

கடையில் அதிகம் விற்கும் பாராசிட்டமாலில் ஒரு மூலக்கூறுக்கு 20 அணுக்கள். மனித இன்சுலினில் 788. பாராசிட்டமால் மாத்திரை மே மாத வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலும் அந்த 20 அணுவும் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்சுலின் அப்படி இல்லை. 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொன்று. இரண்டையும் இரண்டு கந்தகப் பாலங்கள் பிணைத்திருக்கின்றன. சிறிய சங்கிலிக்குள்ளேயே மூன்றாவது பாலம் ஒன்று. அமினோ அமிலங்கள் கோத்திருக்கும் இந்த வரிசையை, மாட்டு இன்சுலினை வைத்து, கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கர் 1955க்குள் முழுமையாகக் கண்டுபிடித்துவிட்டார், 1958ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் வரிசை தெரிந்ததும் வடிவம் தெரிந்துவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை எக்ஸ்ரே எடுத்தது 1935ல். முப்பரிமாண அமைப்பை வெளியிட்டது 1969ல். முப்பத்து நான்கு வருடம். அந்த 1969 கட்டுரையை எழுதியவர்களில் திருச்சூர்ப் பக்கத்திலிருந்து போன எம். விஜயனும் ஒருவர். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பி வந்து புரதப் படிக ஆராய்ச்சியை இங்கே வளர்த்தவர். அதற்குச் சில வருடம் முன்னால், 1963ல், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவும். இன்று உலகில் யார் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், சரியா என்று அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பி.ஃபார்ம் படித்தபோது இதை யாரும் சொல்லித்தரவில்லை என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

அமினோ அமிலங்களில் சில தண்ணீரோடு ஒட்டும், சில ஒட்டாது. லியூசின், வாலின், ஐசோலியூசின் போன்றவை எண்ணெய்த் தன்மை உள்ளவை. தண்ணீரில் இருக்கும் இன்சுலின், இந்த எண்ணெய்ப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை உள்ளே ஒளித்துக்கொண்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும் பகுதிகளை வெளியே காட்டியபடி மடிந்திருக்கிறது. அந்த மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் பலவீனமான பிடிமானங்கள். சூடு ஏறினால் அவை தளரும். குலுக்கினாலும் தளரும், காரணம் வேறு: குலுக்கும்போது நுரை வருகிறது. நுரை என்றால் காற்றும் தண்ணீரும் தொடும் பரப்பு பல மடங்காகிறது. அந்தப் பரப்பில் போய்ச் சேரும் இன்சுலின், ஒளித்து வைத்திருந்த எண்ணெய்ப் பகுதியைக் காற்றுப் பக்கம் திருப்பிவிடுகிறது. அப்படித் திறந்து கிடக்கும் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வந்து சேரும். இப்படியே அடுக்கடுக்காக நீண்டு நூலாகிவிடும். ஒரு நூல் உருவாகிவிட்டால் மற்றவை அதில் சேர்வது இன்னும் வேகமாகும். சாங்கர் கண்டுபிடித்த வரிசை அப்படியே இருக்கிறது, மூன்று கந்தகப் பாலங்களும் இருக்கின்றன, எடை ஒரு துளியும் குறையவில்லை. வடிவம் மட்டும் போய்விட்டது. அந்த நூலால் ரத்தத்தில் ஒரு வேலையும் ஆகாது.

உறைவதும் இதே கதைதான். ஐஸ் ஆவது தண்ணீர் மட்டுமே. கரைந்திருந்த மற்றவை எல்லாம் மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் நெருக்கப்படுகின்றன. கலங்கலான இன்சுலின் என்றால் அதிலிருக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உருகிய பிறகு தண்ணீர் பழைய தண்ணீராகும். துகள் பழைய துகளாகாது. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் என்றால் கண்ணாடியில் மயிரிழை விரிசலும் விடலாம்.

பால் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பால் குடிப்பது சத்துக்கு. அதிலிருக்கும் புரதத்தை வயிறு எப்படியும் துண்டு துண்டாக வெட்டப்போகிறது; வடிவம் முன்னாலேயே போனால் நட்டமில்லை. இன்சுலின் போடுவது சத்துக்கு அல்ல. “இத மாத்திரையா தர மாட்டாங்களா?” என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். விழுங்கினால் வயிற்றின் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அதை முட்டையையும் பருப்பையும் செரிப்பது போலவே செரித்துவிடும். இதைச் சொன்னதும் ஒரு ஆச்சி, “அப்ப விலைகொடுத்து வாங்கி முட்ட திங்கிற கணக்குதான்” என்றார். அதற்கு மேல் விளக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இனி வீட்டில் வைக்கும் முறை. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. ஃப்ரிட்ஜில் கதவுத் தட்டோ நடுத் தட்டோ போதும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு அடியிலுள்ள தட்டும், இரட்டைக் கதவில் குளிர்காற்று வரும் துவாரத்தின் முன்பக்கமும் ஆபத்தான இடங்கள். ஊசியை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்தால் சுவரில் ஒட்டாது, பிள்ளைகள் கைபட்டு விழவும் விழாது. கரண்ட் போனால் பதறிப்போய்க் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும்.

திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டில் அறை வெப்பத்தில் இருக்கலாம். பெரும்பாலானவை சுமார் 4 வாரம் தாங்கும், ஆனால் மருந்துக்கு மருந்து மாறும். 25 டிகிரியா 30 டிகிரியா என்பதையும் அந்தந்தக் காகிதத்தில் பாருங்கள். திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதி வைப்பது நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்ளும் ஒன்று. குறைந்த யூனிட் போடுபவர்கள் ஒரே பாட்டிலை இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, “சுகர் எறங்கவே மாட்டேங்குது” என்று வருகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால் சித்திரை, வைகாசியில் எங்கள் ஊரில் அறை வெப்பமே 30ஐத் தாண்டி நிற்கும். தகரக் கூரை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு மண்பானை நல்ல ஏற்பாடு. பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்ன மண்கலயம், அதில் மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரத்துணியால் மூடி நிழலில், காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாவதால்தான் குளிர்கிறது என்பதால் கரிசல் காட்டு வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஈரக்காற்றில் அவ்வளவு எடுபடாது. அங்கே இருப்பவர்கள் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

பயணத்தில் பைக்கின் சீட்டுக்கு அடிப்பெட்டி, காரின் டேஷ்போர்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் மூன்றும் வேண்டாம். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்தால் ஊசிக்கும் ஐஸ் பேக்குக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள்; நேராக ஒட்டிக் கிடந்தால் உறைந்துபோகும். விமானத்தில் போனால் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் அல்ல. மருந்து வாங்கும் கடையிலும் ஒரு கண் வையுங்கள். கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுக்கிறாரா, ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கிறாரா? அந்த ஃப்ரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. என்னிடம் கேட்டவர்கள் மீது எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கினால், வெள்ளை இழை மிதந்தால், கண்ணாடியின் உட்சுவரில் பனி படிந்தது போல ஏதாவது ஒட்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆனால் பார்க்க நன்றாக இருப்பது நல்ல மருந்து என்பதற்கு உத்தரவாதமில்லை. சாப்பாடு மாறவில்லை, காய்ச்சல் இல்லை, அளவும் அதே, சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் உடம்பைச் சந்தேகிக்கும்போது பாட்டிலையும் சேர்த்துச் சந்தேகியுங்கள். புதுப் பாட்டில் ஒன்றைத் திறந்து பார்ப்பது எளிய சோதனை.

இதுவரை சொன்னது ஒற்றை மூலக்கூறின் மடிப்பு. அடுத்தது, அது மற்ற மூலக்கூறுகளோடு எப்படிச் சேர்கிறது என்பது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்துச் சாப்பிட வேண்டும் என்ற கேள்வி முழுக்க இதில் அடங்கிவிடுகிறது.

கணையத்தின் பீட்டா செல் இன்சுலினைத் தயாரித்து உடனே ரத்தத்தில் விடுவதில்லை. சின்னச் சின்னப் பைகளில் சேமித்து வைக்கிறது. அங்கே இன்சுலின் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று ஜோடிகள் இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி அமர்ந்து, ஆறு பேர் கூட்டாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். ஹாட்ஜ்கின் பார்த்த படிகமும் இந்த ஆறு பேர் கூட்டுத்தான். சேமிக்க இது நல்ல வடிவம்: இடம் குறைவு, எளிதில் கெடாது. ஆனால் வேலை செய்யும் வடிவம் இதுவல்ல. செல்லின் ஏற்பியோடு, அதாவது இன்சுலினைப் பிடிக்கச் செல்லில் இருக்கும் புரதத்தோடு, ஒட்டக்கூடியது ஒற்றை இன்சுலின் மட்டுமே. செல் தன் பையை ரத்தத்தில் கொட்டியதும் ஏராளமான திரவத்தில் கலந்து கூட்டு சட்டென்று பிரிந்துவிடுகிறது. அதனால் நல்ல கணையம் உள்ளவருக்கு ஒரு தாமதமும் இல்லை.

பாட்டிலிலும் இன்சுலின் இந்தக் கூட்டாகவே இருக்கிறது. மூடியைத் துளைத்ததும் ஒரு ஆஸ்பத்திரி வாசனை வருமே, அது ஃபீனால், கிரெசால் வகைப் பொருள்களின் வாசனை. கிருமி வளராமல் தடுப்பதற்காகப் போடுகிறார்கள். அதோடு, அவை அந்தக் கூட்டின் இடுக்கில் உட்கார்ந்து அதைக் கெட்டியாகவும் பிடித்துக்கொள்கின்றன. ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் போனால் அங்கே ரத்தம் போல ஓடும் திரவம் இல்லை. ஒரே இடத்தில் செறிவாகத் தேங்கி நிற்கிறது. ஆறு பிரிந்து இரண்டாகி, இரண்டு பிரிந்து ஒன்றாகி, ஒன்று ரத்தக்குழாய்க்குள் நுழைய நேரம் பிடிக்கிறது. ரெகுலர் என்ற சாதாரண மனித இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

1996ல் வந்த லிஸ்ப்ரோ என்ற வேகமான இன்சுலினில் செய்த மாற்றம் மிகச் சின்னது. பெரிய சங்கிலியின் வால்பகுதியில் 28ஆவது இடத்தில் புரோலின், 29ல் லைசின். இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஜோடி சேரும்போது ஒன்றையொன்று தொடும் இடம் அது. அது பொருந்தாமல் போனதால் ஜோடி இறுக்கமாக அமைவதில்லை, தோலுக்கு அடியில் கூட்டு சீக்கிரம் கலைகிறது. அஸ்பார்ட் என்ற இன்னொரு வேகமான இன்சுலினில் அதே 28ஆவது இடத்தில் வேறொரு அமினோ அமிலம். இவற்றைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவோ, உட்கார்ந்ததும் போட்டோ சாப்பிடலாம். எங்கள் தெருவில் ஒருவருக்கு ரெகுலரிலிருந்து அஸ்பார்ட்டுக்கு மாற்றினார்கள். பழைய பழக்கப்படி போட்டுவிட்டு அரை மணி நேரம் செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இட்லி தட்டுக்கு வருவதற்குள் சர்க்கரை தாழ்ந்து, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கிவிட்டது. சீட்டில் “சாப்பாட்டுக்கு முன்” என்று இரண்டுக்குமே ஒன்றுபோலத்தான் எழுதியிருக்கும். மருந்து மாறினால் எத்தனை நிமிடம் முன் என்பதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று எந்தக் கடையில் சொன்னாலும் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலின் எதிர்த்திசையில் போகிறது. சின்னச் சங்கிலியின் கடைசி அமினோ அமிலத்தை மாற்றி, பெரிய சங்கிலியின் முனையில் இரண்டு ஆர்ஜினின்களைச் சேர்த்திருக்கிறார்கள். விளைவு, இது புளிப்பான கரைசலில், பி.ஹெச். 4ல், நன்றாகக் கரைந்து தெளிவாக இருக்கும். உடம்பின் நடுநிலைக்கு வந்ததும் தோலுக்கு அடியில் நுண்படிவாக இறங்கிவிடும். அந்தப் படிவு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்காதே என்ற விதியின் காரணம் இப்போது தெரிந்திருக்கும்: கலந்தால் அமிலத்தன்மை மாறி, படிவு தோலுக்குள் இறங்க வேண்டியது சிரிஞ்சுக்குள்ளேயே இறங்கும். போடும்போது சிலருக்குக் கொஞ்சம் சுரீரென்று இருப்பதும் அந்த அமிலத்தால்தான். டெக்ளுடெக் என்ற இன்சுலின் இன்னொரு வழி பிடிக்கிறது. ஆறு பேர் கூட்டுகள் தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகி, முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. 42 மணி நேரத்துக்கும் மேல் அதன் வேலை நீடிக்கும்.

கலங்கலான என்.பி.ஹெச். இன்சுலின் பழைய உத்தி. 1940களில் டென்மார்க்கில் ஹாகடோர்னின் ஆய்வகத்தில் வந்தது. மீன் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்துப் படிகமாக்கியது. நம் ஊரில் அதிகம் போகும் 30/70 கலவையில் 70 பங்கு இதுதான். இது கரைசல் இல்லை. துகள்கள் மிதக்கும் திரவம், வைத்த இடத்தில் அடியில் படியும். கலக்காமல் எடுத்தால் முதல் நாட்களில் ஒரு பலமும் கடைசி நாட்களில் வேறு பலமும் கிடைக்கும். அதற்காகக் குலுக்கவும் கூடாது, ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பத்துத் தடவை மெதுவாக உருட்டுங்கள், பேனாவாக இருந்தால் மேலும் கீழுமாகப் பத்துத் தடவை சாயுங்கள். ஒரே சீராகப் பால் நிறமாக வர வேண்டும். திப்பி திப்பியாக நின்றால் அது போய்விட்ட மருந்து.

வடிவம் என்றதும், ஒரு அமினோ அமிலம் மாறினாலே எல்லாம் கெட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். எந்த இடத்தில் மாறுகிறது என்பதுதான் கணக்கு. பழைய ஆட்கள் சிலர் பன்றி, மாட்டு இன்சுலின் போட்டவர்கள். பன்றியினுடையது நம்முடையதிலிருந்து ஒரே ஒரு இடத்தில் வேறுபடும், மாட்டினுடையது மூன்று இடத்தில். ஏற்பியைப் பிடிக்கும் பரப்பு பெரிதும் மாறாததால் வேலை செய்தது. 1922 ஜனவரியில் டொரான்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனைக் காப்பாற்றியதும் விலங்கின் கணையத்திலிருந்து எடுத்ததுதான். பாக்டீரியாவில் செய்த மனித இன்சுலின் 1982ல்தான் விற்பனைக்கு வந்தது. ஆனால் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலியின் 6ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிட்டால் சிவப்பணுவே அரிவாள் வடிவத்துக்கு வளைந்துவிடுகிறது. இந்தியாவில் அதை முதலில் கண்டறிந்தது 1952ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

இன்சுலின் ஒரு சாவி, செல் ஒரு பூட்டு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்தச் சாவியும் பூட்டுக்குள் போனதும் தன் பல்லை விரித்துக்கொள்வதில்லை. இன்சுலின் ஏற்பியைத் தொட்டதும் பெரிய சங்கிலியின் வால் விலகித் திறந்து, அதற்கு அடியில் மறைந்திருந்த பகுதி ஏற்பியோடு ஒட்டுகிறது. லிஸ்ப்ரோவில் கைவைத்த அதே வால்தான். ஏற்பியும் சும்மா இருப்பதில்லை. செல்லின் சவ்வுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி என்று நிற்கும் புரதம் அது. வெளிப்பகுதி இன்சுலினைப் பிடித்ததும் உட்பகுதி நொதியாக வேலையைத் தொடங்குகிறது. இன்சுலின் சர்க்கரையைச் சுமந்து உள்ளே போவதே இல்லை. தசை, கொழுப்புச் செல்களுக்குள் பைகளில் காத்திருக்கும் குளுட்-4 என்ற கடத்திப் புரதம் சவ்வுக்கு வந்து பதிந்துகொள்ள, அதன் வழியாகச் சர்க்கரை நுழைகிறது.

இதைத் தெரிந்துகொண்டதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன், நடைப்பயிற்சியைப் பற்றிப் பேச ஒரு காரணம். தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் கட்டளை இல்லாமலே குளுட்-4 மேலே வருகிறது. இன்சுலினுக்குச் செல்கள் சரியாகச் செவிசாய்க்காத டைப் 2 ஆட்களிடமும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு நடந்தால் சர்க்கரை இறங்குவது அதனால்தான். ஊசி போடுபவர்களுக்கு இதுவே கவனமாக இருக்க வேண்டிய இடமும்கூட. தொடையில் போட்டுவிட்டு சைக்கிள் மிதித்தால் ரத்த ஓட்டம் கூடி மருந்தும் வேகமாக ஏறும், தசையும் தானாகச் சர்க்கரை இழுக்கும். தாழ்சர்க்கரை வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பொடியோ 3 டீஸ்பூன் சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எங்கள் ஊரில் எல்லார் சட்டைப்பையிலும் கடலை மிட்டாய் இருக்கும். அந்த நேரத்துக்கு அது சரியான பொருள் இல்லை. கடலையின் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்திவிடும்.

ஊசி போடும் இடத்தில் வரும் கட்டியும் செல்லின் வேலைதான். கொழுப்பைச் சேர்த்து வை என்பது கொழுப்புச் செல்லுக்கு இன்சுலின் இடும் கட்டளை. தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே புள்ளியில் தினமும் போட்டால் அங்குள்ள செல்கள் அந்தக் கட்டளையைத் தினமும் வாங்கிப் பெருத்துவிடும். அங்கே வலி குறைவு என்பதால் அதே இடத்தையே தேடிப் போடுவார்கள். கட்டிக்குள் போன மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. முந்தின இடத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளித் தள்ளிப் போடுங்கள், வாரத்துக்கு ஒரு பகுதியாக மாற்றுங்கள், குளிக்கும்போது விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். கட்டியில் போட்டுப் பழகியவர் திடீரென்று நல்ல இடத்துக்கு மாறினால் அதே அளவு அதிகமாக வேலை செய்து சர்க்கரை தாழலாம். மாறும் முன் டாக்டரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தோடு சம்பந்தமில்லாத, ஆனால் சொல்லாமல் விட முடியாத ஒன்று. நம் நாட்டில் மனித இன்சுலின் பாட்டில்கள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனா, கார்ட்ரிட்ஜ்கள் 100 யூனிட். யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். பாட்டிலின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

கடைசியாக மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை, ஹெச்பிஏ1சி. அது ஏன் மூன்று மாதம் என்பதற்கும் ஒரு செல்லின் அமைப்புத்தான் காரணம். சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. கிடைத்த இடத்தில் எல்லாம் ஹீமோகுளோபின், ஒரு சிவப்பணுவுக்குச் சுமார் 27 கோடி மூலக்கூறுகள். உட்கரு இல்லாததால் பழசை எடுத்துவிட்டுப் புதுப் புரதம் செய்ய அதற்கு வழியில்லை. ரத்தத்தில் சர்க்கரை அதிகமிருந்தால் பீட்டா சங்கிலியின் முனையில் குளுக்கோஸ் ஒட்டிக்கொள்கிறது, அணு சாகும்வரை அந்தக் கணக்கு அதில் இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால் இரண்டு நாள் பட்டினி கிடந்து இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது. இரண்டு வாரம் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பதிலும் பயனில்லை.

ஆனால் சிவப்பணுவின் ஆயுள் மாறினால் எண்ணும் மாறும். அண்மையில் ரத்தம் ஏற்றியவர்கள், நிறைய ரத்தம் இழந்தவர்கள், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்கள் இவர்களுக்கு எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் கூடுதலாகக் காட்டலாம். நம் பக்கத்துப் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று இரும்பு மாத்திரை விற்கும் எனக்குத் தெரியும். அதனால் ஹெச்பிஏ1சி அறிக்கையோடு வரும் அக்காக்களிடம் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்பேன். பார்க்கவில்லை என்றால் அதையும் எடுத்து, வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிய நோட்டையும் சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி அனுப்புவேன்.